கரி படிக்கும் பேரனுக்கு அப்பாரு சொல்லும் ரோசனை

ஏங்கண்ணு, கரியப் பத்தி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறயாமா? காங்கயத்துல பொறந்துட்டு, கரி படிக்கக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறுனவன் நீ ஒருத்தன்தான். செரி, சீக்கிரம் பேரு வாங்க நாலு ரோசனை சொல்றன், கேட்டுக்க.

மொதல்ல, தேங்காத்தொட்டியத் தொடாத. அந்தக் கரியில ஜப்பான்காரன் மின்சாரத்தச் சேத்து வெக்கிற சூப்பர் கெப்பாசிட்டருக்குச் சரக்கு பண்ணி வித்து நாளாச்சு. நீ வாழைத்தோலு, வேப்பந்தழை, கடலைப் பொட்டுன்னு எடு. குப்பைக்கு ஒரு கட்டுரை. ஊருல குப்பைக்கா பஞ்சம்?

தலைப்புல 'குப்பையில மின்சேமிப்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டுரு. ஒரு பங்கு கரிக்கு மூணு நாலு பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு 800 டிகிரியில வேக வெக்கிறயே, அதைப் பொடி எழுத்துல வெய்யி. சும்மா கெடைச்ச குப்பைக்கு மருந்துச் செலவு எத்தனைன்னு எவன் கேக்கப் போறான்? ஆலைக்காரன் கணக்குப் பாத்துப் பொழைக்கறவன். நீராவிய விட்டே கரியில ஓட்டை போட்டுக்கறான்.

ஓட்டைலதான் சூட்சுமமுன்னு எனக்கும் தெரியும். ஒரு கிராம் கரிக்குள்ள 1,500 சதுர மீட்டர் பரப்பாமா. 37 சென்ட்டு! பத்திரம் பண்ணித் தர்றதுன்னா நானே வாங்கிக்குவன். அந்தச் சந்துபொந்துல அயனி போயி ஒட்டிக்குது, கூப்புட்டா வெளிய வருது. அதனால நொடியில சார்ஜ் ஏறும். லட்சம் தடவை ஏத்தி எறக்குனாலும் அவ்வளவா தேயாது. ஆனா கிலோவுக்குக் கிலோ நிறுத்துப் பாத்தா, லித்தியம் பேட்டரியில அடங்கறதுல பத்துல ஒரு பங்கு தேறாது. சும்மா வெச்சாலும் கசிஞ்சிரும். இதுவும் பொடி எழுத்து.

அப்பறம், தகட்டுல கரிய மெலிசாப் பூசு. நகைக்கடைத் தராசுல நிறுக்கற அளவு போதும். கிராமுக்கு இத்தனை ஃபாரட்டுன்னு எண்ணு எகிறிரும். தொட்டி மூட்டைக்குத் தண்ணி தெளிச்சு எடை ஏத்தற யாவாரியப் பாத்திருக்கறன். எடையக் கொறைச்சு லாபம் பாக்கறவன இப்பத்தான் பாக்கறன்.

ஒன்ன மட்டும் எழுதிப்போடாத: கரி வந்த கதைய. குழியில தொட்டியக் கொட்டிப் பத்த வெச்சு மூடறாங்க. மூணு நாலு கிலோ தொட்டிக்கு ஒரு கிலோ கரி. மிச்சமெல்லாம் பொகையும் தாரும். தணலணைக்க ஊத்துன தண்ணி மண்ணுல எறங்கி, பக்கத்துக் கெணறு டீத்தண்ணி நெறத்துக்கு வந்துருது. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். இதுக்கெல்லாம் கட்டுரையில எடம் ஏது?

அந்தப் பொகையப் புடிச்சு எரிச்சா நீராவிக்குச் சூடு கெடைக்குமுன்னு நீயேதான் திண்ணையில சொன்னே. அப்படி ஒரு உலை போடலாமான்னு உம்பட வாத்தியாரக் கேட்டுப்பாரு. பட்டம் வர நாளாகும். ஆனா கரிக்குழிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் எவனும் உனக்குப் பொண்ணு இல்லீங்கன்னு சொல்லமாட்டான்.