தாத்தா வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மலேசியக் காற்பந்துச் சங்கம், விஸ்மா எப்.ஏ.எம்., கெலானா ஜெயா.

மதிப்பிற்குரிய டான்ஸ்ரீக்களே, டத்தோக்களே,

கிளேபாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாநிலத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேசிய அணிக்கு ஆடிய ஹெக்டர் ஹெவலின் தாத்தாவும் கேப்ரியல் பல்மேரோவின் பாட்டியும் பிறந்த மண் என்று பிஃபாவுக்குப் போன தாளில் இருந்தது எங்கள் மலாக்காதானே. பிஃபாக்காரர்களுக்குப் பொறாமை. வெளிநாட்டுப் பழைய ஏடுகளைத் தேடி எடுத்து, தாத்தா பிறந்தது நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், பாட்டி பிறந்தது ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மலாக்காக்காரர்களை ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு இங்கே நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம்.

இந்த நேரத்தில் என் சொந்தக் கதையைச் சொல்வது அழகில்லைதான். ஆனாலும் போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் என் மனசு ஆறாது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு ஓர் ஆட்டக்காரர் தேர்வு. யார் நடத்தியது என்பதை விடுங்கள், உங்கள் சங்கம் இல்லை. எங்கள் திடலில் மாலையில் நான் பழக்கிவிடும் பையன்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். இடது கால் ஆட்டக்காரன். ஓரத்தில் பந்தைப் பிடித்தால் எதிராளி இரண்டு பேரைத் திண்டாட வைத்துவிட்டுத்தான் நடுவே போடுவான். திடலில் நின்ற பயிற்சியாளர் அவன் எண்ணை அவராகவே குறித்துக்கொண்டார். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடிதான்.

அப்புறம் மேசை. மேசையில் ஒருவர், அவர் முன்னால் பாரம். பையனின் பிறப்புப் பத்திரம் சரி, அடையாள அட்டை சரி. அப்பாவின் பிறப்புக்குத் தாமதப் பதிவு என்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“தாத்தா எங்கே பிறந்தார்?”

“தோட்டத்தில், சார்.”

“தோட்டம் என்றால்? எந்த நாட்டுத் தோட்டம்?”

ஜாசின் பக்கத்துத் தோட்டம். பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. கிராணியிடம் போய்ப் பெயர் கொடுத்தது மண்டோர். தோட்டம் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, ஆபீசும் அதன் ஏடுகளும் போன இடம் தெரியவில்லை. இதெல்லாம் பதினைந்து வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். “தாத்தாவின் அசல் பத்திரத்தோடு அடுத்த வருடம் வா” என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார் அவர். அடுத்த வருடம் அவனுக்கு வயது கடந்துவிடும்.

அங்கேதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நாட்டில் தாத்தா விஷயத்தில் கைதேர்ந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்கள், அவர்கள் தேசிய அணிக்கு ஆடத் தகுதி காட்ட ஏழு தாத்தா பாட்டிகள். அர்ஜெண்டினாவில் பிறந்தவர் பினாங்கில் பிறந்தார். பிரேசிலில் பிறந்தவர் ஜொகூரில் பிறந்தார். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் பிறந்தவர் கூச்சிங்கில் பிறந்தார். ஒருவரை ஒரு முறை பெற்றெடுக்கவே தாய்மார்கள் படாத பாடு படுகிறார்கள், தாளுக்கு அந்தச் சிரமமே இல்லை. 2025 ஜூன் 10 இரவு புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று நாம் சாய்த்தபோது நானும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தவன்தான், பொய் சொல்ல மாட்டேன். செப்டம்பரில் பிஃபா தீர்ப்பு வந்தது. ஆட்டக்காரர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தடை, சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி. நடந்தது தொழில்நுட்பத் தவறு என்றீர்கள். அருமையான சொல். மேசைக்காரரிடம் அன்றைக்கு இந்தச் சொல் என் வாயில் வராமல் போனதே என்று இன்னும் வருந்துகிறேன். “சார், இவன் தாத்தா தோட்டத்தில் பிறந்தது ஒரு தொழில்நுட்பத் தவறு.”

உங்கள் தாத்தா தேர்வில் ஒரு சின்னச் சந்தேகம். டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தது 1641. ஆங்கிலேயரிடம் விட்டுப்போனது 1824 உடன்படிக்கையோடு. ஹாலந்துத் தாத்தாவை இங்கே பிறக்கவைப்பது என்று முடிவான பிறகு, டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்புக் கட்டடத்துப் பக்கம் போய் வருடத்தை ஒத்துப் பார்த்திருக்கலாம். போர்த்துகீசியரும் 1511-இலேயே வந்தவர்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றைக்கும் உஜோங் பாசிரில் மீன் பிடிக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் பந்து உதைக்கிறார்கள். காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் இருக்கிறார்கள். சுல்தான் காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர்கள், ஒரு பேரனுக்குப் பத்துத் தாத்தா வரிசையாகச் சொல்வார்கள். அப்படியும் சாட்சி தேவைப்பட்டால், டச்சுக்காரர் காலத்தில் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் 1781-இலிருந்து ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. அவரைக் கேட்டிருந்தால் அபராதமாவது மிச்சம்.

எனக்கு மிகவும் பிடித்தது பதிவு இலாகா வந்துபோகும் அத்தியாயம். பிஃபாவின் அறிக்கையைப் படித்தேன். கையால் எழுதிய மூல ஏடு கிடைக்கவில்லையாம், வேறு தகவல்களை வைத்துப் பிறப்புப் பத்திர நகல் வழங்கினார்களாம். படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. மூல ஏடு இல்லாமலே பத்திரம் கிடைக்குமா! சிவப்பு ஐசியை வைத்துக்கொண்டு குடிமக்களின் நீலத்துக்கு மனுப் போட்டுப் போட்டே கண்ணை மூடிய கிழவர்கள் எங்கள் பக்கம் உண்டு. மூல ஏடு எங்கே, மருத்துவச்சி எங்கே, சாட்சி எங்கே என்றுதான் அவர்களைக் கேட்டார்கள். மருத்துவச்சி செத்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். 2011-இல் மைடப்தார் என்று முகாம் போட்டுத் தாளில்லாத இந்தியர்களைப் பதியச் சொன்னபோது, மஞ்சள் பையில் பழைய காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போன கிழவிகளை எனக்குத் தெரியும். அந்த ஏழு பேருடைய குடியுரிமை உள்துறை அமைச்சரின் தனி அதிகாரத்தில் வழங்கப்பட்டதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அந்தத் தனி அதிகாரம் ரப்பர் காட்டுப் பக்கம் ஒரு நாளாவது வந்திருக்கிறதா? இந்த மண்ணில் பிறந்து, பால் வெட்டி, இந்த மண்ணிலேயே புதைந்தவனுக்கு ஊர் எது என்று கேட்கிறீர்கள். விமானத்தில் வந்து இறங்கியவனுக்கு ஊரையே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

மன்னிக்க வேண்டும், டான்ஸ்ரீ. இரத்த அழுத்தம். மாத்திரை போட்டுக்கொண்டேன்.

கௌரவம் மிக்க உங்கள் சங்கம் ஒரு காலத்தில் தாத்தா இல்லாமலும் தேர்வு செய்திருக்கிறது என்பதை நினைவூட்டுவது என் கடமை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய அணியில் எம். சந்திரன் இருந்தார், வி. கிருஷ்ணசாமி இருந்தார், எங்கள் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் இருந்தார். ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் வலைக்கு முன்னால் நின்றபோது அவருடைய கையைத்தான் பார்த்தார்கள், பாட்டனாரைப் பார்க்கவில்லை. 2010-இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்த அணி ஆசியான் கிண்ணத்தைத் தூக்கியது. அப்போதெல்லாம் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பள்ளித் திடல்களில் வெயிலில் நின்று பையன்களைப் பார்க்க ஆள் வருவார்கள். என்ன செய்வது, பழைய காலத்து ஆட்கள், வசதி தெரியாதவர்கள்.

படிப்பு வழியாகப் போகட்டுமே என்பீர்கள். போகலாம். கிளேபாங்கிலிருந்து வண்டியில் போனால் லெண்டுவில் யூ.ஐ.டி.எம். வளாகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு காற்பந்துக் குழு 2020-இலும் 2021-இலும் சூப்பர் லீக்கிலேயே ஆடியது. லெபனான்காரர் வந்து ஆடினார். பயிற்சியாளர் ஜெர்மன்காரர். எங்கள் பையன் மட்டும் பூமிபுத்ரா இல்லை என்பதால் அங்கே மாணவனாகச் சேர முடியாது. பெய்ரூட்டில் ஒரு தாத்தா இருந்தால் வேறு வழி திறந்திருக்குமோ என்னவோ.

ஆள் அனுப்ப முடியவில்லை, கிளேபாங் தூரம் என்றும் சொல்லலாம். பிரான்சில் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலெல்லாம் கடந்து வந்து, எங்கள் கடற்கரையில் தரையேறி, அருங்காட்சியகமாகவே உட்கார்ந்துவிட்டது. சனி, ஞாயிறு என்றால் கோலாலம்பூர் கார்கள் தேங்காய் ஷேக் குடிக்க வரிசை பிடித்து நிற்கின்றன. அந்த வரிசையில் உங்கள் ஆட்களும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஷேக்கைக் கையில் பிடித்துக்கொண்டே திடல் பக்கம் வந்தால் போதும். ஐஸ் உருகுவதற்குள் பையனைப் பார்த்துவிடலாம்.

ஆகவே இந்த விண்ணப்பம். பையனுக்கு ஒரு தாத்தா வேண்டும். ஐரோப்பியத் தாத்தாதான் வேண்டும் என்ற பிடிவாதம் எங்களுக்கு இல்லை. அர்ஜெண்டினாத் தாத்தா என்றாலும் சம்மதம். பேரனோடு ஒரு தடவை செண்டோல் குடித்தால் சரி. தடை வாங்கியவர்களின் தாத்தாக்கள் சும்மாதான் இருப்பார்கள், இரவல் கொடுத்தாலும் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

தாத்தா கையிருப்பு இல்லை என்றால் வேறொன்று கேட்கிறேன். இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. பையன்களைச் சேர்க்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விதி போடுங்கள்: திடலில் தேறியவனின் இடத்தைத் தாள் குறை என்று மேசையிலேயே அடிக்கக் கூடாது. தாமதப் பதிவுக் குடும்பத்துக்கு ஆறு மாதம் தவணை கொடுங்கள். அந்த ஆறு மாதமும் பையன் பயிற்சியில் இருக்கட்டும். மாநிலச் சங்கங்களுக்கு உங்கள் பெயரில் ஒரு கடிதம் போனாலே இது நடக்கும், இதற்கு பிஃபா அனுமதி தேவையில்லை. ஜாசின், மெர்லிமாவ், பத்தாங் மலாக்கா, டுரியான் துங்கால் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது தேர்வாளர் ஒருவர் வந்து பள்ளி ஆட்டங்களைப் பார்க்கட்டும்.

பையன் தினமும் மாலை ஐந்து மணிக்குக் கிளேபாங் திடலில் இருப்பான். ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திடல் வாத்தியார்,
கிளேபாங், மலாக்கா.