படலையடி அழுகை: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துப் படலையடியில் இரண்டு வயதுப் பிள்ளை எழுப்பும் ஓசையை இதுவரை ஒருவரும் முறையாக ஆராயவில்லை. யாழ்ப்பாணத்தில் தொல்காப்பியத்துக்கு ஆளுண்டு, படலைக்குத்தான் ஆளில்லை.

அழுகை நான்கினாற் பிறக்கும் என்பது, உணர்ச்சிகளின் புறவெளிப்பாட்டை வகுக்கும் மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் துணிபு. இளிவு: பக்கத்து வீட்டுப் பிள்ளை அழாமல் உள்ளே போனதை அப்பா சுட்டிக்காட்டியமை. இழவு: அம்மாவின் இடுப்பு. அசைவு, பழைய நல்ல நிலை கெடுதல்: விடிந்ததும் பாயிலிருந்து பறிக்கப்பட்டமை. வறுமை: கைத்தொலைபேசி.

அழுகை தன் துன்பத்தாலும் வரும், பிறர் துன்பம் கண்டும் வரும் என்கிறார் பேராசிரியர் என்னும் பழைய உரைகாரர். முன்னது எங்கள் வீட்டு உற்பத்தி. பின்னது நிலையத்தின் கூட்டுறவு முயற்சி. என் மகன் தொடங்கியதும் உள்ளேயிருந்த ஒரு பெண்பிள்ளை, வாயில் மாரி பிஸ்கற்றோடு, காரணம் விசாரியாமலே சேர்ந்துகொண்டாள். மெல்லுவதை நிறுத்தவில்லை. இதற்குத் தனி நூற்பா வேண்டும்.

மேலைநாட்டு ஒப்பீடு இல்லாதது ஆய்வாகாது என்பதால்: கல்வியாளர் புறோபெல் 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பேர்க்கில் சிறுவர்களுக்கு ஒரு நிலையம் தொடங்கினார். ஒப்பீடு முற்றிற்று.

இனித் தலையாய சிக்கல்: அழுகை எப்போது நிற்கிறது? "நீங்கள் போங்கோ, ஆள் இப்ப நிப்பாட்டிடுவார்" என்பது ரீச்சர் வாக்கு. அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது என்பர் ஒரு சாரார் (ஓட்டோ அண்ணை, 'படலைப் பேருரை', இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு வெற்றிலைச் சாற்றில் அழிந்தது). நிற்கவே நிற்காது, ரீச்சர்மார் மறைக்கிறார்கள் என்பர் மறு சாரார் (அம்மம்மா, 'எங்கடை காலத்திலை', ஏழாம் பாகம், 'பிள்ளையைக் கொண்டுபோய் விடுறதும் ஒரு பிழைப்போ' என்னும் இயல், அடுப்படிப் பிரதி, நாள்தோறும் திருத்தப்படுவதால் பக்க எண் நிலைப்பதில்லை). வேலி மட்டை இடுக்கில் கண்ணை வைத்துக் கள ஆய்வு செய்தேன். ஓட்டோ அண்ணை பாடமே சரி. முடக்குவரை போவதுபோல் போய் நடந்து திரும்பியிருந்தேன். மகன் அதற்குள் மணற்பெட்டியில் வேறொருவன் வாளியைப் பறித்துக்கொண்டிருந்தான். அம்மம்மா இம்முடிவை ஏற்கவில்லை. மட்டை இடுக்கால் பார்த்தது ஆதாரமாகாதாம்.

கைப் பற்குறிகளின் கர்த்தா யார் என்பது கிளை ஆய்வு. "ஆர் கடிச்சதெண்டு தெரியேல்லை, விளையாட்டிலை பட்டது" என்ற விளக்கத்தோடு மகன் வீடு வந்தான். கர்த்தாவில் நேரும் இத்தகைய குழப்பத்துக்கு முன்னோடி உண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் அச்சேற்றிய தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் உரையும் மற்றோர் உரைகாரரான நச்சினார்க்கினியர் பெயரிலேயே வந்தது. அது பேராசிரியருடையது என்று பின்னர் அறிஞர் காட்டினர். பிள்ளையவர்களாவது செல்லரித்த ஏட்டைத் தேடி அலைந்தார். இன்றைய ஆய்வாளர் தேடி அலைவது பதவி உயர்வுக்கான புள்ளியை. எங்கள் வழக்கில், குறியில் மேற்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. சந்தேகம் வாளிக்காரன்மேல்.

மறுப்பு எழுத விரும்புவோர் காலை ஏழரைக்குப் படலையடிக்கு வரலாம். பிள்ளையின் காலைப் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது.