கணக்கில் சேராத மணி நேரம்

எண்பதுகளில் எங்கள் கும்பகோணத்து வீட்டில் கிரைண்டர் வாங்கலாமா என்று பெரிய வாக்குவாதம். "ஆட்டுக்கல் மாவுக்கு ஈடு உண்டா? மிஷின்ல அரைச்சா மாவு சூடாகி இட்லி கல்லாயிடும்" என்பார் பெரியப்பா. அதில் பாதி உண்மை. மிக்சியின் பிளேடு நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். மாவு சூடாகத்தான் செய்யும். கோயம்புத்தூர் கிரைண்டருக்குள் இருப்பதோ கருங்கல், மெதுவாகத்தான் அரைக்கும். மிக்சியின் குற்றத்தைக் கிரைண்டர் தலையில் கட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருந்தது: அம்மாவின் கைக்குக் கூலி இல்லை என்பது. ஒரு கை குழவியைச் சுற்றும். மறு கை விளிம்பில் ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். உளுந்து பொங்கி வந்த பிறகு அரிசி. கிரைண்டர் விலையையும் கரண்ட் பில்லையும் கூட்டிப் பார்த்தவர்கள் அந்தத் தோள்பட்டையைக் கூட்டவே இல்லை. 2011-ல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுத்தபோது, "பொம்பளைங்க சோம்பேறி ஆயிடுவாங்க" என்று பேசியவர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள். நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இப்போது ருசியைச் சொல்லி யாரும் மல்லுக்கு நிற்பதில்லை, எண்ணைச் சொல்கிறார்கள். போன கோடையில் தஞ்சாவூர் அத்தைக்கு ஏசி பார்க்கப் போனோம். "ஃபைவ் ஸ்டார் எடுங்கம்மா, கூடக் குடுக்கிற எட்டாயிரமும் கரண்ட் பில்லுலயே திரும்பிடும்" என்றார் கடைக்காரத் தம்பி. அண்ணன் மகனும் தலையாட்டினான். லேபிள்படி த்ரீ ஸ்டாருக்கும் அதற்கும் வருஷத்துக்கு 200 யூனிட் வித்தியாசம். பொய்யில்லை. ஆனால் அந்த யூனிட் கணக்கு, ஏசி வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. அத்தை சித்திரை, வைகாசி ராத்திரிகளில் மட்டும் ஏசி போடுகிறவர். ராத்திரிக்கு எட்டு மணி நேரம் என்றாலும் 500 மணியைத் தொடாது. 200 யூனிட் சுமார் 60 ஆகிவிடுகிறது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் வருஷத்துக்கு ஐந்நூறுக்குள்தான். எட்டாயிரம் திரும்பப் பதினாறு வருஷம் பிடிக்கும். அதுவரை அந்த ஏசி உழைக்கும் என்பதும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு நம்பிக்கை.

பெரியப்பா சொன்னதை வீட்டில் யாராவது எதிர்த்துப் பேசியிருக்கலாம், ஊரே அறிந்த விஷயம் அது. எண்ணோடு வரும் பேச்சை எதிர்க்க நமக்குக் கூச்சம். அதனாலேயே அதற்குள் ஒளிந்திருப்பது அதிக நாள் பிழைக்கிறது. "எத்தனை மணி நேரம் ஓடினா இந்த மிச்சம், தம்பி?" என்று கேட்டேன். அவர் முதலாளியைக் கேட்க உள்ளே போனார்.

அத்தை த்ரீ ஸ்டார் எடுத்தார். சென்னையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மகளுக்கோ, பகலிலும் ஏசி ஓடுவதால், ஃபைவ் ஸ்டாரே வாங்கினோம்.