துவரை, பலா, நடுவில் ஒரு பன்றி

பிலிப்பைன்ஸில் எத்தனை தீவுகள் என்ற கேள்வியை 1994இல் பிரபஞ்ச அழகிப் போட்டி மேடையிலேயே கேட்டுவிட்டார்கள். மணிலாவில் நடந்து, நம் சுஷ்மிதா சென் கிரீடம் வாங்கி வந்த அதே போட்டி. மேடையில் நின்ற உள்ளூர் அழகி சார்லின் கொன்சாலெஸ், கடல் ஏற்றத்திலா வற்றத்திலா என்று திருப்பிக் கேட்டார். அரங்கம் கைதட்டியது, கிரீடம் மட்டும் இந்தியாவுக்கு வந்தது. அன்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கணக்கு 7,107. 2016இல் அரசாங்கம் மறுபடி எண்ணி 7,641 என்று அறிவித்தது. நம் ஊரில் நிலத்தை மறு அளவை செய்தால் இருந்த குளத்தில் ஒன்று குறையும். அங்கே ஐந்நூற்றுச் சொச்சம் தீவு கூடியிருக்கிறது.

இத்தனை தீவுகளில் எங்கே போவது என்று நான் வரைபடத்தை விரிப்பதற்குள் மனைவி முடிவு செய்திருந்தாள். இந்தியர்கள் 14 நாள் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று 2025இல் அந்த நாடு கதவைத் திறந்ததிலிருந்தே அவள் யூடியூபில்தான் குடியிருந்தாள்.

"இலோய்லோ," என்றாள். "2023ல யுனெஸ்கோ உணவு நகரம்னு பட்டம் குடுத்திருக்கு. அந்த நாட்டுலயே முதல் ஊரு அதுதான்."

அவள் சுசீந்திரத்துச் சைவம். நான் நாகர்கோவில் அசைவம். யுனெஸ்கோ பட்டம் கொடுத்த ஊரில் சைவத்துக்கும் ஏதாவது ஏற்பாடு இருக்காமலா போகும் என்பது அவள் நம்பிக்கை. யுனெஸ்கோ மீது அவ்வளவு நம்பிக்கை வைத்த இன்னொரு மனுஷியை நான் பார்த்ததில்லை. நம்பிக்கைக்குத் துணையாக ஒரு பொட்டலம் சாம்பார் பொடியும் ஒரு பாட்டில் வடுமாங்காயும் எடுத்துக்கொண்டாள்.

இலோய்லோ நகரம் பானாய் என்ற பெரிய தீவின் தென்கரையில் இருக்கிறது. எதிரே கூப்பிடு தூரத்தில் கிமாராஸ் தீவு. கிழக்கே நெக்ரோஸ். பானாயும் கிமாராஸும் அடங்கிய பகுதிக்கு மேற்கு விசயாஸ் என்று பெயர். உலகப் புகழ்பெற்ற போராக்காய் இதே பானாயின் வடமேற்கு முனையை ஒட்டித்தான் கிடக்கிறது. அங்கே போகவில்லை. வெள்ளை மணல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தின்ன முடியாது.

சந்தைக்குள் நுழைந்த முதல் காலையிலேயே ஒன்றைக் கவனித்தேன். வெங்காயக் கடை அம்மாள் என்னைக் கண்டதும் குனிந்து மூட்டைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார். பக்கத்துக் கடைக்காரர் முகத்தில் தவிப்புடன், "நாளைக்கு," என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகுதான் புரிந்தது. அந்த நாட்டில் இந்தியன் என்றாலே 'பும்பாய்'. பும்பாய் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து வட்டி வசூலிக்கிறவர். பெரும்பாலும் பஞ்சாபிகள். தொழிலுக்குப் பெயரே 'ஐந்து-ஆறு'. ஐந்து பேசோ கொடுத்தால் ஆறு திரும்ப வரவேண்டும். அடம்பிடிக்கும் பிள்ளையைப் பும்பாய் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று மிரட்டுவதும் உண்டாம். என் ஆயுளில் நான் கடன் வாங்கியிருக்கிறேனே தவிர, ஒருவருக்கும் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவனைப் பார்த்து ஒரு சந்தையே நடுங்கியதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தச் சந்தை இருக்கும் இடம் லா பாஸ். அங்கே பிறந்ததுதான் பாட்சோய். நூடுல்ஸ், எலும்புச் சாறு, பன்றி ஈரல், குடல், மஜ்ஜை, மேலே நொறுக்கிய வறுத்த பன்றித் தோல், பொரித்த பூண்டு, வெங்காயத் தாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டித் தொடங்கிய கடைகளின் வாரிசுகள் இன்றும் யார் கடை அசல் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். குடல் குழம்பு தின்று வளர்ந்தவன் என்பதால் பெயர்களைக் கேட்டு நான் பயப்படவில்லை. சாறு தீர்ந்தால் மறுபடி இலவசமாக ஊற்றுகிறார்கள் என்றதும் பயம் என்ற பேச்சே எழவில்லை. ஒரே குறை, காரம் இல்லை. அடிநாக்கில்கூட இல்லை. பிலிப்பைன்ஸில் காரம் வேண்டுமென்றால் பிக்கோலுக்குப் போகவேண்டும் என்றார் கடைக்காரர். அது இருப்பது வேறு தீவில். ஒரு மிளகாய்க்காகக் கடல் கடக்கச் சொன்ன ஒரே ஓட்டல் அதுதான்.

அவர் சொன்ன விதம் அவ்வளவு இனிமை. இந்தப் பக்கத்து இலோங்கோ மக்கள் பேசுவது தாலாட்டு ராகத்தில் போகும். மற்ற ஊர்க்காரர்களே, இவர்கள் சண்டை போட்டால்கூடக் கொஞ்சுவதாகத்தான் கேட்கிறது என்று கேலி செய்கிறார்கள். பேரம் பேச முடியாது. விலை குறையாது என்பதை அவ்வளவு பாசமாகச் சொல்வார்கள், நாம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவோம்.

மதியம் மனைவிக்குச் சாப்பாடு தேடும் படலம். 'லாஸ்வா' என்று ஒரு காய்கறிச் சாறு இருக்கிறது என்றார்கள். சட்டி வந்தது. வெண்டைக்காய், கத்தரிக்காய், பீர்க்கங்காய், பூசணி, முருங்கைக்கீரை. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியால் ஒரு கிளறு கிளறினாள். அடியிலிருந்து மீசையோடு ஓர் இறால் எழுந்து அவளைப் பார்த்தது.

"இது காய்கறின்னு சொன்னீங்களே?"

"காய்கறிதான்," என்றார் பரிமாறிய பெண், மாறாத பாசத்துடன். "இறால் ருசிக்கு."

அந்த ஊரில் இறாலும் கருவாடும் உப்பு வகையில் சேர்த்தி. உப்பில்லாமல் சமைத்துத் தரச் சொன்னால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அந்தப் பெண் பார்த்தார்.

என் சோதனை வேறு விதமானது. எனக்கு வந்த சட்டியின் பெயர் கே.பி.எல். காடியோஸ், பாபோய், லாங்கா. காடியோஸ் என்பது தோல் நீக்காத துவரை. லாங்கா என்பது பலாக்காய். புளிப்புக்கு பாத்துவான் என்றொரு காய் போடுகிறார்கள். அது நம் குடம்புளியின் நெருங்கிய சொந்தம், ஒரே தாவரப் பேரினம். துவரை, பலா, குடம்புளி. எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்து இந்த மூன்றையும் தூக்கிக்கொண்டுபோய், நடுவில் ஒரு பன்றியை வைத்துக் கொதிக்கவிட்டிருந்தார்கள். துவரையின் கருஞ்சாயம் இறங்கி, குழம்பு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வாயில் வைத்தேன். புளிப்பு பழகிய புளிப்பு. எங்கள் அம்மை வைக்கும் மீன் குழம்பின் புளிப்பு. பலா நாரோடு கரைந்தது. துவரை மட்டும் பருப்பாகக் குழைய மறுத்து முழித்துக்கொண்டு நின்றது. பாம்பும் தேளும் வந்திருந்தால் துணிந்து தின்றுவிட்டு ஊரில் வந்து அளந்திருக்கலாம். எல்லாம் நம் சாமானாகவே இருந்து, சேர்மானம் மட்டும் மாறியிருந்தால் என்ன செய்வது? என் நாக்கு சாயங்காலம்வரை குழம்பியே கிடந்தது. மூன்று தட்டுச் சோறு இறங்கியது வேறு விஷயம்.

ஐந்து வேளை சாப்பிடுகிற தேசம் அது. மூன்று சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு 'மெரியெண்டா'. இந்த ஐந்துக்கும் இடையில் கிடைக்கிற ஓய்வில்தான் தீவுகளைப் பார்க்க முடியும். அப்படித்தான் வடக்கே கார்லெஸ் கரைக்குப் போய் ஹிகாந்தெஸ் தீவுகளுக்குப் படகேறினோம். பம்ப்போட் என்கிறார்கள். வயலுக்கு நீர் இறைக்கிற எஞ்சினை மாட்டி ஓட்டத் தொடங்கிய படகு என்பதால் அந்தப் பெயர். இருபுறமும் மூங்கில் கைகளை விரித்து, தண்ணீர்ப்பூச்சி மாதிரி அலைமேல் கால் பரப்பிப் போகிறது. சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. திருமணமாகி இத்தனை வருடங்களில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லாமல் கழிந்த நேரம் அதுதான்.

ஹிகாந்தெஸ் என்றால் பூதங்கள். தீவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அங்குள்ள குகையில் பழைய சவப்பெட்டிகளும் பூதாகரமான மனித எலும்புகளும் கிடைத்தனவாம். பூதங்களைப் பற்றித் தெரியாது, ஆனால் அங்கே போடுகிற சாப்பாட்டுக்கு மனிதன் பூதமாக வளர்வதில் அதிசயமில்லை. ஸ்காலப் என்கிற விசிறிச் சிப்பி அங்கே கொட்டிக் கிடக்கிறது. சதையை எடுத்துவிட்டு எறிந்த ஓடுகள் கரையெங்கும் மேடு மேடாகக் குவிந்திருக்கின்றன. செருப்பு வைத்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். பெரிய நகரங்களில் வெள்ளைத் தட்டில் மூன்றே மூன்று வைத்து, பக்கத்தில் ஒரு இலையைச் சாய்த்து, மயக்கம் வரும் விலைக்கு விற்கிற அதே சிப்பியை இங்கே வாளியில் கொண்டுவந்து கவிழ்த்தார்கள்.

கபுகாவ் கமாய் என்ற குட்டித் தீவில் மதியச் சாப்பாடு. இரண்டு பாறைக் குன்றுகளை ஒரு மணல் கீற்று சேர்த்துக்கட்டியிருக்கும் தீவு. அந்தப் பகுதியின் சுவரொட்டிகளில் எல்லாம் இருப்பது இதுதான். நாங்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் நீண்ட மேசையில் வாழை இலை விரித்துக்கொண்டிருந்தார்கள். வாழை இலையைக் கண்டதும் எங்கள் இருவருக்கும் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்நிய நாட்டில் நமக்குத் தெரிந்த ஒரே பரீட்சை.

கேள்வித்தாள் வேறாக இருந்தது. இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீளத்துக்குப் போட்டுக்கொண்டே போனார்கள். நுனி எந்தப் பக்கம் என்ற கவலையே இல்லை. அதன்மேல் சோற்றைக் கரைபோலக் கொட்டினார்கள். சோற்றின்மேல் சுட்ட மீன், சிப்பி, நண்டு, தக்காளி, மாங்காய்த் துண்டு. நாற்காலி கிடையாது. எல்லோரும் சுற்றி நின்று கையால் ஒரே பாய்ச்சல். பட்டாளத்தில் தொடங்கிய வழக்கம், பெயரிலேயே சண்டை இருக்கிறது: 'பூடில் ஃபைட்'. உன் இலை, என் இலை என்ற எல்லை இல்லை. பந்தியில் பக்கத்து இலையின் அப்பளத்தை ஓரக்கண்ணால் பார்ப்பதையே பாவமாக நினைக்கும் பரம்பரையில் வந்தவள் என் மனைவி. சட்டென்று சோற்றால் ஒரு வரப்பு கட்டினாள். வரப்புக்குள் தக்காளி, வெள்ளரி, மாங்காய் ஆகிய மூவரைக் குடியேற்றினாள். பைக்குள்ளிருந்து வடுமாங்காயை எடுத்து எல்லைக் காவலுக்கு வைத்தாள். எதிரே நின்ற படகோட்டித் தம்பி மரியாதையாக ஒரு நண்டுக்காலை வரப்புக்கு மேல் நீட்டினான். அவள் கும்பிட்டாள். அவனும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, அதை என் பக்கம் திருப்பினான். இரு நாட்டு உறவுக்கு ஊறு வரக்கூடாது என்று நான் வாங்கிக்கொண்டேன். டாங்கே என்கிற உப்புநீர்க் குளத்தையும் அன்று பார்த்தோம். சுற்றிலும் செங்குத்துப் பாறை, பச்சைத் தண்ணீர், மிக அழகு. வயிறு நிறைந்திருந்ததால் மிதப்பதற்குச் சிரமமே இல்லை.

நெக்ரோஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரும்புத் தோட்டம், பக்கோலோட் நகரம், கோழி இனாசால். எலுமிச்சைப்புல்லில் ஊறி, கரியில் வெந்து வரும் கோழி. பக்கத்தில் 'சினாமாக்' என்ற பாட்டில்: தென்னங்காடியில் காந்தாரி மிளகாய், பூண்டு, இஞ்சி. ஊரெல்லாம் நான் தேடிய காரம் அத்தனை நாளும் மேசை ஓரத்தில் காடிக்குள் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது! கோழியை விட்டுவிட்டு பாட்டிலைச் சோற்றில் கவிழ்த்தேன். மனைவி நாட்டுச் சர்க்கரை வைத்த 'பியாயா' போளியைத் தின்று அந்தத் தீவை மன்னித்தாள்.

கடைசியாக கிமாராஸ். இலோய்லோவிலிருந்து படகில் கால்மணி நேரம். அதன் மாம்பழம் அவ்வளவு பிரசித்தம். வெளியூர் மாங்காய் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். வண்டு வந்துவிடும் என்ற பயம். துறையில் அறிவிப்பைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் வெளுத்தது. பையில் பாதிப் பாட்டில் வடு. மறைக்கத் தெரியாதவள், நேராகக் காவலரிடம் நீட்டிவிட்டாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். நீண்ட மௌனம். பிறகு இன்னொன்றை எடுத்துக் கடித்துவிட்டு, இதில் வண்டு உயிரோடு இருக்க வாய்ப்பே இல்லை என்று தீர்ப்பளித்தார்.

மே மாதம் வந்தால் அங்கே மாம்பழத் திருவிழா. கட்டணம் கட்டினால் அரை மணி நேரம், தின்கிற வரை தின்னலாம். டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்றும் உண்டு. அதிகம் பேசாத அந்தச் சபையினர் மாம்பழ ஜாம் செய்து விற்கிறார்கள். வாய் சும்மா இருந்தால் கை எவ்வளவு வேலை செய்யும் என்று நான் வியந்ததை மனைவி தன்னைக் குறித்ததாக எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் தங்கிய வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம். கீரையைப் பறித்துப் பறித்துக் கிளையெல்லாம் மொட்டை. காய்கள் மட்டும் கைநீளத்துக்குத் தொங்கி, பறிப்பாரின்றிக் காய்ந்துகொண்டிருந்தன. மனைவியால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மாளைப் பிடித்துக்கொண்டாள். அங்கே அக்காவுக்கு மானாங் என்று பெயர்.

"மானாங், இந்தக் காயை என்ன செய்வீங்க?"

"காயா? அதுக்கென்ன, தானா விழுந்துடும்."

அடுத்த பத்தாவது நிமிடம் அடுப்பங்கரை கைமாறியது. காடியோஸ் துவரை வெந்து நசுங்கியது, பாத்துவான் புளித்தது, முருங்கைக்காய் கொதித்தது, சாம்பார் பொடி இறங்கியது. தெருவே மூக்கை உறிஞ்சியது. மானாங் கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தார்.

"நமித்!" என்றார். அருமை என்று அர்த்தம். பிறகு சட்டியை அடிவரை ஒரு கிளறு கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இண்டாய், பன்றியை எப்போ போடணும்?"

மனைவி தன் பங்கை அவசரமாக வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, இனி உங்கள் விருப்பம் என்றாள். புறப்படும்போது மானாங் வாசல்வரை வந்தார். மீதிச் சாம்பார் பொடியில் ஐந்து கரண்டி மட்டும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த தடவை வரும்போது ஆறாகத் திருப்பித் தந்துவிடுவாராம்.