எக்ஸ்எல் இருவகை: களியிலும் மலையிலும் ஓர் ஒப்பாய்வு

வெங்காய மூட்டை ஏறாத மொபெட்டைப் பெரம்பலூர் மாவட்டத்தில் காண்பது அரிது. அந்தக் குலத்தின் மூத்தது, 1980-இல் ஒசூரில் பிறந்த டிவிஎஸ் 50. அதன் வாரிசுகள் இரண்டு இங்கே ஆராயப்படுகின்றன: 69.9 சிசி டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர்; 2015-இல் வந்த 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100. இரண்டிலும் கியர் மாற்றும் வேலை இல்லை. இரண்டுக்கும் 16 அங்குலச் சக்கரம். ஆகவே வேறுபாடு என்ஜினிலும் எடையிலும்தான்.

முதலில் மண். இம்மாவட்டத்துக் காரை ஊர்ப் பக்கத்துக் களி, கிரெட்டேசியக் காலத்தில் கடலடியில் படிந்தது. கரிசலைப் போலவே அதுவும் நனைந்தால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் புகுந்து சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். இங்கே சூப்பர்தான் மேல். எடை குறைவு; சிக்கினால் ஒரே ஆள் பின்பக்கத்தைத் தூக்கி வரப்பில் வைத்து, குச்சியால் மண்ணை நோண்டிவிட்டுக் கிளம்பலாம். சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் முறுக்கியதும் இழுக்கும்.

அடுத்தது பாரம். முதல் மூட்டை காலிடையில்தான் நிற்கவேண்டும். இரு சக்கரங்களுக்கும் நடுவில், தாழ்வாக அமரும் பாரம் வண்டியை நிலைநிறுத்தும். எல்லாவற்றையும் கேரியரில் அடுக்கினால் முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில்பார் ஆடும். பாரம் கூடக்கூட 100-இன் நிதானமான இழுவைக்குச் சூப்பர் ஈடாகாது.

மூன்றாவது பச்சைமலை. ஏற்றம் 100-க்கே உரியது. இறக்கத்திலும் அதற்கே மதிப்பு: ஆக்சிலரேட்டரை விட்டதும் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி சொற்பம். ஆனால் வேகம் மிகவும் குறைந்தால் இரண்டிலும் கிளட்ச் தானே விடுபட்டு, வண்டி சும்மா உருளும். கொண்டை ஊசி வளைவில் என்ஜினை நம்பாமல் இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும்.

முடிபு: காட்டுக்குச் சூப்பர், மலைக்கும் மண்டிக்கும் 100. புதிதாக இன்று கிடைப்பது 100 மட்டுமே. வீட்டில் ஓடும் நிலையில் சூப்பர் இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்; பெட்ரோலில் டூ டி ஆயிலை அளவோடு கலந்து, மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.