ஓடுகிற பக்கியை நிறுத்துவது எப்படி?

பெட்டியைப் பிரித்துவிட்டீர்களா? பத்தில் ஒரு பங்கு அளவு, பிரஷ்லெஸ் மோட்டார், பின்சக்கர இழுவை, மண் தடத்தில் பாய்வதற்கென்றே செய்த ரிமோட் கண்ட்ரோல் ரேஸ் பக்கி. வாழ்த்துகள்! கூடவே வந்திருக்கும் செட்டப் தாளை மடித்துப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். வண்டியை வடிவமைத்தவர்கள் ஓட்டிப் பார்த்து எழுதிய எண்கள் அதில் இருக்கின்றன. அங்கிருந்து ஆரம்பித்தால் முதல் நாளே வண்டி ஒழுங்காக ஓடித் தொலைக்கும். அப்புறம் ட்யூன் செய்ய என்ன இருக்கிறது?

1. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். திருப்பத்தில் பின்பக்கம் வழுக்குகிறதா? ஷாக் ஆயில், ஸ்பிரிங், கேம்பர், டயர், விங், ஐந்திலும் ஒரே மூச்சில் கை வையுங்கள். வண்டி தேறினால் எதனால் தேறியது என்று தெரியாது. கெட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, நாலு சுற்று ஓட்டி, நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளும் ஆசாமிகள் எல்லாத் தடத்திலும் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் உட்காராதீர்கள்.

2. டயரைக் கடைசியாகப் பாருங்கள். மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் என்று பழைய கைகள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உதிரிப் புழுதிக்கு உயரமான முள், இறுகிய களிமண்ணுக்குக் குட்டை முள் என்றெல்லாம் வாங்கிக் குவிக்காமல், தேய்ந்து மொட்டையான ஒரே ஜோடியை எல்லாத் தடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கினால் ஷாக் டவரில் ஓட்டையை மாற்றுங்கள்.

3. ஷாக்கில் ஆயில் ஊற்றியதும் மூடியைத் திருகிவிடுங்கள். பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, குமிழி எல்லாம் வெளியேறும்வரை காத்திருக்க உங்களுக்கு ஏது நேரம்? அடைபட்ட காற்று, ஷாஃப்டை அழுத்தும்போது கிளுக் கிளுக்கென்று பேசும். நாலு ஷாக்கும் நாலு குரலில் பேசினால் வேலை கச்சிதம். இடப்பக்கம் 30 வெயிட் ஆயில், வலப்பக்கம் பாட்டிலில் மிச்சம் இருந்தது எதுவோ அது. சிலிகான் ஆயில் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஆகவே பனி விலகாத காலையில் பார்த்துப் பார்த்து அமைத்துவிட்டு, உச்சிவெயில் ஃபைனலில் அதை அப்படியே ஓட்டுங்கள். குதித்து இறங்கும்போதெல்லாம் சேஸியின் வயிறு தரையில் அறையும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும்.

4. பினியனில் பல் கூட்டுங்கள். நேர்ப்பாதையில் வேகம் போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். இது எல்லோருக்கும் தோன்றுவதுதான். இரண்டு பல் பெரிய பினியனைப் போடுங்கள். ஸ்பர் கியரோடு சேர்க்கும்போது, நடுவில் துண்டுக் காகிதம் கொடுத்து இடைவெளி பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. நீங்கள் மோட்டாரை நன்றாக அழுத்தித் திருகுங்கள். அலறினால் பவர் என்று நினைத்துக்கொள்ளலாம். ஓடி வந்த மோட்டாரைத் தொட்டுப் பார்க்காதீர்கள். சூடு 80 டிகிரி செல்சியஸை விட்டு ஏற ஏற, உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தத்துக்கு ஆபத்து; ஒருமுறை வலு இழந்தால், ஆறிய பிறகும் முழுசாகத் திரும்பாது. வலுவிழந்த மோட்டார் வண்டியை மந்தமாக்கும். தீர்வுதான் உங்களுக்குத் தெரியுமே: இன்னும் இரண்டு பல்.

5. ஸ்லிப்பர் கிளச்சை முழுக்க இறுக்குங்கள். குதித்து இறங்கும் அதிர்ச்சி நேராகப் பல்லுக்குப் போகாமல் கொஞ்சம் வழுக்கிக் கொடுப்பது அதன் வேலை. பெயரிலேயே வழுக்கல் இருக்கும் பாகத்தை எப்படி நம்புவது? இறுக்கியாயிற்றா? இனி மேட்டிலிருந்து எழும்பும்போது த்ராட்டிலை விடாதீர்கள். காற்றில் த்ராட்டில் கொடுத்தால் மூக்கு தூக்கும், பிரேக் தொட்டால் மூக்கு தாழும் என்பதெல்லாம் பயிற்சி எடுப்பவர்கள் விவகாரம். உங்கள் வண்டி வாலில் இறங்கட்டும், முழு வேகத்தில் சுழலும் சக்கரத்தோடு. ஸ்பர் கியரின் ஒரு பக்கத்துப் பல் அத்தனையும் சீவிவிட்ட மாதிரி போயிருக்கும்.

6. அலுமினியம் வாங்குங்கள். நீல நிறமாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் ஆர்ம் மோதினால் வளைந்து நிமிரும். மீறிப்போனால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும், விலையும் குறைவு. அலுமினிய ஆர்ம் அசையாமல் நின்று அடியை அப்படியே பல்க்ஹெட்டுக்கு அனுப்பும். பல்க்ஹெட் உடையும். அதையும் அலுமினியத்தில் வாங்குங்கள். அடுத்தது சேஸி. கடைக்காரர் உங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலி போடும் நாள் தூரத்தில் இல்லை.

7. உங்களிடம் இருப்பது பழைய டமியா கிராஸ்ஹாப்பரா? 1984இல் வந்த வண்டி. 380 மோட்டார், கியர்பாக்ஸும் பின்னச்சும் ஒரே கட்டையாக ஆடும் அமைப்பு. கேம்பர் திருக இடமே இல்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். 540 மோட்டாரைப் பொருத்துங்கள். ஏற்கெனவே துள்ளும் பின்பக்கம் இன்னும் அழகாகத் துள்ளும். பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவது குறைந்த செலவில் நல்ல பலன் தரும் மாற்றம்தான். ஆனால் பேரிங் வெளியே தெரியாதே! தெரியாத பாகத்துக்குக் காசு எதற்கு?

8. உலோகத்துக்குள் இறங்கும் திருகுக்கு திரெட்லாக் போடாதீர்கள், பிளாஸ்டிக்குக்குள் இறங்குவதற்குத் தாராளமாக ஊற்றுங்கள். முன்னது கழன்று விழும், பின்னது விரிசல் விடும்.

9. இரண்டு செல் லிபோ பேட்டரியை 8.4 வோல்ட்டுக்கு முழுக்க ஏற்றி, அடுத்த சீசன்வரை பையிலேயே விடுங்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இறக்கி வைப்பவர்கள் பேட்டரியை வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு புதிது வாங்கும் சுகத்தை இழக்கிறார்கள். (இதை மட்டும் நிஜமாகவே செய்துவிடாதீர்கள். உப்பிய லிபோ தீப்பிடிக்கும்.)

10. ஓட்டிப் பழகாதீர்கள். அந்த நேரத்தில் இன்னொரு பாகம் மாற்றலாம். பெட்டியில் வந்த செட்டப்பிலேயே, நல்ல டயர் மட்டும் ஒட்டிக்கொண்டு, காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஃபைனலில் உங்களை இரண்டு தடவை தாண்டிப் போவான். அவனிடம் போய் மோட்டாரை விசாரியுங்கள். 17.5 டர்ன் என்பான். உங்களுடையதும் அதே மோட்டார்தான். நம்பாதீர்கள்! அடுத்த ரேஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, பினியனைக் கழற்றுங்கள்.