வாராய்ச்சி: நைலான் கடிகார வாருக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

எந்த நூலுக்கும் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருந்தாக வேண்டும் என்பது நன்னூல் விதி. ஆக்கியோன் பெயரை ஊர் அறிந்தால் கடன்காரர்களும் அறிவார்கள். ஆகவே அது விடப்பட்டது. வழி, கடைத்தெரு வழி. எல்லை, வடக்கே சட்டைக்கைப் பொத்தான், தெற்கே மணிக்கட்டில் புடைத்து நிற்கும் எலும்பு. நூற்பெயர் தலைப்பிலேயே உள்ளது. யாப்பு, கொக்கி ஒன்றும் வளையம் சிலவும். நுதலிய பொருள், தோல் வார் இற்றுப்போன கைக்கடிகாரத்துக்கு நைலான் வார் தேர்ந்து மாட்டித் துவைத்துக் காத்தல். கேட்போர், வியர்வை உடையோர். பயன், கடிகாரம் கையில் தங்கும். அது சரியான நேரம் காட்டுமா என்பது பேட்டரியைப் பொறுத்தது. நம் எல்லைக்குள் வராது.

கடிகாரத்துக்குள் ஓடும் பொறியைப் பற்றி மணிக்கணக்கில் பேச ஆள் உண்டு. கடிகாரம் ரயில் தண்டவாளத்திலோ கழிவறைத் துளையிலோ விழுவது பொறி கெட்டு அல்ல. வாரைத் தாங்கும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பின் கழன்றுதான். ஆகவே கடிகாரத்தின் தலைவிதி டயலில் எழுதப்படவில்லை, வாரில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது இந்த ஆய்வின் கருதுகோள்.

மரபியல்

நைலான் பிறந்தது 1935-இல், அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில், வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில். பட்டுக்குப் போட்டியாக அதை வளர்த்தார்கள். ஆனால் 1938-இல் கடைக்கு வந்த முதல் நைலான் பண்டம் பட்டாடை அல்ல, பல் துலக்கும் பிரஷ்ஷின் மயிர். பெண்களின் காலுறை 1940-இல்தான் வந்தது. உடனே யுத்தம் குறுக்கிட்டு நைலானைப் பாராசூட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிரஷ் செய்தியை வாசகர் முடிந்துவைத்துக்கொள்ளவும், சலவையியலில் அவிழ்ப்போம். நம் வீடுகளில் நைலான் கொடிக்கயிறாகவும் நைலக்ஸ் புடவையாகவும் வந்து உட்கார்ந்தது. மணிக்கட்டுக்கு ஏறியது பிந்தித்தான்.

வாருக்கு இலக்கணம் வகுத்த தொல்லாசிரியர் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம். 1973 நவம்பர் 30 தேதியிட்ட 66-15 எண் தர ஆவணம் கைக்கடிகார வாரைப் பற்றியது. அகலம் 20 மில்லிமீட்டர், நீளம் 280 மில்லிமீட்டர், கொக்கியும் வளையங்களும் குரோமியம் பூசிய பித்தளை, நிறம் அட்மிரால்டி சாம்பல். வேறு நிறத்துக்கு அதில் இடமில்லை. சிப்பாய்க்கு இந்த வார் வேண்டுமென்றால் ஜி1098 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் ஜி10 வார் என்று பெயர் வந்தது. நேட்டோ வார் என்ற இன்றைய பெயருக்கு அந்தக் கூட்டணியின் சரக்கு இருப்பு எண் வாருக்கு இருந்தது என்பதற்கு மேல் காரணம் இல்லை. எந்தப் போர்த் தந்திரமும் அதில் கிடையாது. ஒரு முழத்துக்கும் குறைவான நாடாவுக்கு ஆவணமும் படிவமும் போட்ட அரசாங்கம் எது என்று கேட்டால், நம் தாலுகா அலுவலகங்களுக்கு அடித்தளம் இட்டது எதுவோ அதுதான்.

அளவியல்

கடிகாரத்தின் மேலும் கீழும் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருப்பவற்றை இந்நூல் கொம்பு என வழங்கும்.

சூத்திரம்: கொம்பிடை அளந்தே கொள்க வாரே.

இதன் பொருள்: ஒரு பக்கத்துக் கொம்புகள் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொண்ட பிறகே வார் வாங்குக என்பதாம். ‘அளந்தே’ என்றதனால் கண்ணால் மதிப்பிடுதலும் பெருவிரலை வைத்துப் பார்த்தலும் விலக்கப்பட்டன. ‘கொள்க’ என்றதனால் நண்பர் இனாமாகக் கொடுக்கும் வாருக்கு விதி தளரும்.

அளக்கும் முறையில் நுட்பம் உண்டு. பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைக் கொம்புகளுக்கு நடுவே செருக முடியாது. செருகினாலும் அதன் பூஜ்யம் விளிம்பில் தொடங்குவதில்லை. தபால் உறை போன்ற விறைப்பான காகிதத்தைப் பட்டையாகக் கத்தரித்து, இரண்டு கொம்புகளையும் உரசிக்கொண்டு நுழையும்வரை விளிம்பைச் சீவி, பிறகு அந்தப் பட்டையை ஸ்கேலில் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. பழைய தோல் வாரை அளக்கவே கூடாது. அது வருடக்கணக்கில் நசுங்கிக் குறுகியிருக்கும். கொக்கிப் பக்கத்தை அளந்துவிட்டால் இன்னும் மோசம், வார் பெரும்பாலும் கொக்கியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும்.

அளவு பெரும்பாலும் 18, 20, 22 என்று இரட்டைப்படையில் வரும். தாத்தா விட்டுப்போன சாவி கொடுக்கும் எச்எம்டி என்றால் பலவற்றுக்கு 18. சிலருக்கு 19 வாய்க்கும். ஜாதகத்தில் தோஷம் உள்ளவர்கள் அவர்கள். தோல் வார் என்றால் 19-ஐத் தேடி அலைய வேண்டும். நைலான் என்றால் 20 வாங்கி லேசாக நெருக்கி நுழைத்துவிடலாம், 18-க்கு இறங்க வேண்டியதில்லை. இந்த ஒரு மில்லிமீட்டர் சலுகையை வைத்துக்கொண்டுதான் ஒரு பெரும் பிழைநெறியே கிளம்பியிருக்கிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடிகார ரிப்பேர் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கியபடி அந்த நெறி போதிக்கப்படுகிறது.

“அண்ணே, எனக்கு 20 வேணும். இதுல 18னு போட்டிருக்கே?”

“அட, உட்காந்துரும் சார். நைலான்தானே, சொன்ன பேச்சு கேக்கும்.”

இதைக் கடைக்காரர் மதம் என்க. பிறர் மதத்தை மேற்கொண்டு பிறகு களைவது உரையாசிரியர் வழக்கம் என்பதால் ஒரு நிமிஷம் மேற்கொள்வோம். 20 இடைவெளியில் 18 வார். இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் பின் வெளியே தெரியும். கையை ஆட்டும்போதெல்லாம் வார் இடம் வலமாக நகரும். நகரும் இடத்தில் அழுக்கும் வியர்வையும் சேரும். எதிர்மாறாக 18 இடைவெளியில் 20-ஐ நெருக்கினால் வாரின் ஓரங்கள் அப்பளம் போல மேலே சுருண்டு, கொம்பில் உரசி, நூல் நூலாகப் பிரியத் தொடங்கும். களைந்தாயிற்று.

கடைக்காரர் மதத்துக்கு உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருப்பதையும் மறைக்கக் கூடாது. 1964-இல் வந்த கோல்ட்ஃபிங்கர் படத்தில் ஜேம்ஸ் பாண்டாக வரும் ஷான் கானரி கட்டியிருக்கும் ரோலெக்ஸ் சப்மரைனரின் கோடு போட்ட நைலான் வார், கொம்பிடைவெளியைவிட வெளிப்படையாகக் குறுகியது. எல்லாம் துப்பறிந்தவர் இதைத் துப்பறியவில்லை. அதை நேட்டோ வார் என்று சொல்லி விற்பவர்கள், 66-15 ஆவணத்துக்கு அது ஒன்பது வருடம் மூத்தது என்பதைக் கவனிப்பதில்லை. அந்தக் குறுகலையும் அழகு என்று நகலெடுத்து ரசிகர்கள் கட்டிக்கொள்கிறார்கள். சினிமாக்காரர் தலைமுடியை நகலெடுத்த ஊரில் இருந்துகொண்டு நாம் அதைக் குறை சொல்வதற்கில்லை.

தடிமனைப் பற்றிக் கொஞ்சம். மெல்லிய வார் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் இருக்கும். பழைய கடிகாரங்களில் பின்னுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள சந்து சிறியது. தடித்த வாரைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நுழைத்தால் பின் வளைந்துவிடும், பிறகு பாயிரத்தில் சொன்ன தண்டவாளம்தான்.

தரிசனவியல்

வார் அணிவோரிடையே மூன்று தரிசனங்கள் உள்ளன. இரண்டு துண்டு வாரை அணிவோர் துவைதிகள். மேல் துண்டு வேறு, கீழ்த் துண்டு வேறு, நடுவில் இருக்கும் கடிகாரம் இரண்டிலிருந்தும் வேறு என்பது அவர்கள் கொள்கை. ஒரே நாடாவை இரண்டு பின்களிலும் கோத்துக் கடிகாரத்துக்கு அடியில் விட்டு இழுத்துக் கட்டுவோர் அத்வைதிகள். மேல் கீழ் என்ற பேதமெல்லாம் கடிகாரத்தை முன்னாலிருந்து பார்ப்பவனின் அறியாமை; திருப்பிப் பார், ஒன்றே உள்ளது என்பார்கள். 1973-இன் வார் விசிஷ்டாத்வைதம். ஒன்றுதான், ஆனால் பிரிக்க முடியாதபடி தைக்கப்பட்ட சிறு துண்டு ஒன்றும் அதன் நுனியில் ஒரு வளையமும் அதற்கு உண்டு. பெரிய நாடா அந்த வளையத்துக்குள்ளும் நுழைந்து வருவதால் கடிகாரம் வாரில் வழுக்கிக்கொண்டு போகாமல் தையலுக்கும் வளையத்துக்கும் நடுவே நிற்கும்.

வைணவ மரபில் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என இரண்டு சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாய் கவ்விக்கொண்டு போகும். இரண்டு துண்டு வாரில் கடிகாரம் குரங்குக்குட்டி. இரண்டு பின்களில் ஒன்று கைவிட்டாலும் சங்கிலி அறுந்து எல்லாம் கீழே. ஒற்றை நாடாவில் கடிகாரம் பூனைக்குட்டி. ஒரு பின் தெறித்துப் போனாலும் மற்றொரு பின்னில் தொங்கியபடி வீடு வந்து சேரும். பின் எந்த வருடத்தது என்றே தெரியாத பழைய கடிகாரங்களுக்குப் பூனை நியாயமே ஏற்றது என்பது இந்நூலின் துணிபு. பழைய பிரிட்டிஷ் ராணுவக் கடிகாரங்கள் பலவற்றில் பின்னே கிடையாது, கழற்ற முடியாத கம்பிதான் கொம்புகளுக்கு நடுவே இருந்தது. அவற்றுக்கு ஒற்றை நாடாவைத் தவிர வேறு எதையும் எளிதில் மாட்ட முடியாது. தத்துவம் பெரும்பாலும் இப்படித்தான் தச்சு வேலையிலிருந்து பிறக்கிறது.

அற்றேல், ஒற்றை நாடாவுக்குக் குற்றமே இல்லையோ எனின், உண்டு. துணி கடிகாரத்துக்கு அடியில் ஒரு மடிப்பாகவோ இரு மடிப்பாகவோ ஓடுவதால் கடிகாரம் கையைவிட்டு எழும்பி நிற்கும், முழுக்கைச் சட்டையின் பொத்தான் அதன் மேல் ஏறாது. பணி ஓய்வுக்கு அலுவலகத்தார் பின்புறம் பெயர் பொறித்துக் கொடுத்த கடிகாரம் என்றால் அந்தப் பெயர் நிரந்தரமாக மூடப்பட்டுவிடும். அலுவலகம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இது குற்றமாகவோ குணமாகவோ கொள்ளப்படும்.

மிஞ்சும் வாலை என்ன செய்வது என்பதில் கடும் சண்டை. மேல்நோக்கி மடித்து வளையத்துக்குள் செருகுவதே ஆசாரம் என்கிறார்கள். மெலிந்த கையுடையோருக்கு அது மணிக்கட்டில் ஒரு பொட்டலம் போல நிற்கிறது. இவ்விடத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம், வெட்டிவிடுக. கூரிய கத்தரியால் வெட்டி, முனையை நெருப்புக் குச்சியின் சுடருக்குப் பக்கத்தில் ஓட்டினால் நூல் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். நைலான் அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். உருகிய முனையை விரலால் அழுத்திச் சமன் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைக் கரண்டிக் காம்புக்கு விட்டுக்கொடுக்கவும். தோலில் ஒட்டினால் பிய்த்தெடுக்க முடியாது.

கடையில் தரம் பார்ப்பதும் இந்த உருக்கலை வைத்துத்தான். துளைகளை விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். உருக்கி இட்ட துளையின் விளிம்பு கண்ணாடி போல மழமழவென்று விறைத்திருக்கும். வெறுமனே குத்திய துளையில் மெல்லிய நூல்கள் நகத்தில் மாட்டும். அப்படி மாட்டினால் எத்தனை அழகான கோடு போட்டிருந்தாலும் கீழே வைத்துவிடலாம்.

சலவையியல்

நைலான் தன் எடையில் ஏறத்தாழ 4 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பருத்தி அதைப் போல் இரண்டு மடங்கு, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே நைலான் வார் நனையும், ஆனால் சீக்கிரம் உலரும். உலர்ந்தபின் கறுப்பு வாரில் வெள்ளைக் கோடாகத் தெரிவது வியர்வையின் உப்பு. நாற்றத்துக்குக் காரணம் உப்பு அல்ல, இழைகளுக்குள் குடியேறிய பாக்டீரியா. இதற்குத் தீர்வு மிக எளியது. வாரைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் குளியல் சோப்பு போட்டு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் இழைகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். நைலானின் தலைப்பிள்ளை நைலானின் கடைக்குட்டியைக் குளிப்பாட்டும் இக்காட்சிக்காகத்தான் மரபியலில் அந்த முடிச்சைப் போட்டு வைத்தோம்.

நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் நைலானை நாளடைவில் நலிவடையச் செய்யும். குளோரின் பிளீச் கூடாது. கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் காட்டவே கூடாது, வலுவான அமிலம் நைலானைத் தின்றுவிடும். இஸ்திரிப் பெட்டியைப் பற்றி நைலக்ஸ் புடவை கட்டிய பாட்டியிடம் கேட்டுக்கொள்ளவும்.

மஞ்சள் கறை தனி வழக்கு. சாப்பிடுவது வலக்கை, கடிகாரம் இடக்கை என்பதால் பொதுவில் ஆபத்தில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை இடக்கையில் தூக்கி வலக்கையால் பரிமாறுவோருக்கே இது நேரும். மஞ்சளின் சாயம் நைலானில் பிடித்தால் சோப்புக்கு அசையாது. வெயிலில் வைத்தால் வெளிறும். ஆனால் வெயில் நைலானுக்குப் பகை என்று முன்பத்தியில் விதித்துவிட்டோம். விதி விதியோடு முட்டும் இத்தகைய இடத்தில் ஒரு முற்பகல் வெயில் மட்டும் காட்டலாம் எனப் புறனடை வகுத்துக்கொள்க. அல்லது பழுப்பு நிற வாராகவே வாங்குக.

ஒழிபியல்

எங்கும் அடங்காதவை இங்கே. புது வார் மாட்டும்போது இரண்டு பின்களையும் புதிதாக மாற்றிவிட வேண்டும்; பழைய பின்னின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருவேறி இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. பூச்சுப் போன கொக்கி தோலில் அரிப்பு தந்தால் குற்றம் பெரும்பாலும் நிக்கலுடையது. துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி கேட்டு வாங்குக. துளை நீள்வட்டமாகிவிட்டாலும், கொம்பு உரசும் இடத்தில் இழை பிரிந்தாலும் வாரின் ஆயுள் முடிந்தது.

முடிந்த வாரை எந்தத் தமிழ் வீடும் எறிவதில்லை. சூட்கேஸ் கைப்பிடியில் அடையாளத்துக்குக் கட்டுவது, ஹோஸ் குழாயைச் சுருட்டிக் கட்டுவது, மீட்டர் பெட்டியின் கதவை இழுத்துக் கட்டுவது எல்லாம் வழக்கில் உள்ளவை. கொக்கியை மட்டும் தனியாக வெட்டியெடுத்து, பொத்தானும் ஊக்கும் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்போரும் உண்டு. எதற்கு என்று கேட்டால், இருக்கட்டும் என்பார்கள். அந்த டப்பாவில் ஏற்கெனவே ஏழெட்டுக் கொக்கிகள் கிடக்கும், ஒன்றுகூட 20 அளவு இராது.